லேமினேஷன் போடறதுக்கு முன்னால

மாப்ளே, சின்னவரைப் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்தி வீட்டுலயே படிக்க வெக்கறதுக்கு நீங்க போட்ட டைம் டேபிளைப் பாத்தேனுங்க. பாடத்துக்கு ஒரு கலரு குடுத்து, பட்டை பட்டையா அடிச்சு, அச்செடுத்து வெச்சிருக்கறீங்க. அதை லேமினேஷன் பண்ணச் சாமராஜநகருக்குக் கெளம்பறதா அம்மணி சொன்னா. போயிட்டு வாங்க, நானா வேண்டாங்கறேன்? ஆனா பிளாஸ்டிக்குக்குள்ள ஏறிட்டா அடிச்சுத் திருத்த முடியாது பாருங்க. அதனால அதுக்கு முந்தி கெழவன் ஒருக்காப் பாத்துடறனே.

காலையில அஞ்சரைக்கு எழுப்பறது. அஞ்சே முக்காலுக்கு யோகா. ஆறேகாலுக்கு அபாகஸ். ஏழு மணிக்கு வேதக் கணிதம். எட்டுக்குப் பலகாரம், அதையும் இங்கிலீசுல பேசிக்கிட்டே திங்கோணும். எட்டரைக்குக் கோடிங். பத்துக்குப் படைப்பாற்றல். பதினொண்ணுக்கு அது முடிஞ்சுருது, அதுக்கு மேல பையன் எதையாச்சும் படைச்சுட்டா அறிவியல் வகுப்பு தள்ளிப்போயிரும். ராத்திரி ஒம்பதுக்குச் சுயசிந்தனை, பதினஞ்சு நிமிஷம். எல்லாஞ் சரீங்க. ஒண்ணுக்குப் போறதுக்கு எங்கயும் நேரம் போடலியே? ஜெயிலு ஜெயிலுன்னு நீங்க பேசற சர்க்கார் பள்ளிக்கூடத்துல அதுக்குன்னே மணியடிச்சு உடறாங்க.

அந்த ஜெயிலு பத்து மணிவாக்குல தொறந்து சாயங்காலம் ஆளை வெளிய உட்டுருது. ஞாயித்துக்கிழமை கதவையே தொறக்கறதில்லை. உங்களுதுல ஞாயித்துக்கிழமைக்கு ரோபோ செய்யறது. சின்னவரு நாலாங்கிளாஸ்தான் முடிச்சிருக்காருங்கறது ஞாபகம் இருக்குதுங்களா?

இப்படி அட்டவணை போட்டதுல நீங்க மொதல் ஆளு இல்லீங்க. கல்கத்தாவுல தாகூர் வீட்டுல நூத்தம்பது வருஷத்துக்கு முந்தியே போட்டுட்டாங்க. ரவீந்திரநாத் தாகூரு பொடியனா இருந்தப்ப, விடியறதுக்கு முந்தி எழுப்பி ஒரு பயில்வான்கிட்டக் குஸ்திக்கு உடுவாங்களாம். ஒடம்புல ஒட்டுன மண்ணுக்கு மேலயே சட்டையை மாட்டிக்கிட்டுக் கணக்கு, இலக்கியம், சரித்திரம், பூகோளம். அப்புறம் பள்ளிக்கூடம். திரும்பி வந்தா ஜிம்னாஸ்டிக்கு, படம் வரையறது. ராத்திரி வெளக்கு வெச்சு இங்கிலீசு. எலும்புக்குப் பேரு சொல்லிக் குடுக்க, ஒரு முழு எலும்புக்கூட்டையே கம்பியில கோத்துப் படிக்கிற ரூமுல தொங்க உட்டிருந்தாங்க. இங்கிலீசு வாத்தியாருக்குக் காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணு வராது. தெருவெல்லாம் தண்ணி நிக்கிற மழையில, இன்னிக்குத் தப்பிச்சோம்னு பையன் நின்னு பாத்துட்டிருக்கையில, தெருமுக்குல அந்தக் குடை திரும்புமாம். பெரியவராகி அவரே எழுதி வெச்சதுங்க இது. எங்க அட்டாலியில கெடக்கற பழைய புஸ்தகக் கட்டுல இருக்குது, வேணும்னா எடுத்துப் பாருங்க.

நோபல் பரிசு வந்துச்சேன்னு கேப்பீங்க. வந்துச்சு, 1913ல. குஸ்திக்கு வரலை. அதே புஸ்தகத்துல அந்த மனுசன் ஆசை ஆசையா எழுதற பாடம் வேற. 1873ல அவங்கப்பாரு பையனைக் கூட்டிக்கிட்டு இமயமலைக்குப் போனாரு. ராத்திரியில நட்சத்திரம் காட்டுவாரு. மலைக்காட்டுல பையன் தனியா சுத்துனா தடுக்க மாட்டாரு. தன்னோட தங்கக் கடிகாரத்தையே எடுத்துக் குடுத்து, தெனம் சாவி குடுக்கறது உன் பொறுப்புன்னு சொல்லிட்டாரு. கெட்டுப் போயிருமேன்னு யோசிக்கலை. பையன் குடுத்த சாவியில கடிகாரம் ரிப்பேராகிக் கல்கத்தாவுக்குப் போச்சு. உங்க அட்டவணையை மூணு தரம் தேடிட்டேனுங்க, கெட்டுப் போறதுக்குன்னு ஒரு சாமானும் காணோம். பம்ப் செட்டு ரூம் சாவியையாச்சும் ஒரு மாசம் சின்னவரு கையில குடுங்க. மோட்டார் எரிஞ்சா எரியுது. உங்க லேப்டாப்பைக் குடுங்கன்னு நான் சொல்லலியே.

அப்புறம் அந்தப் பார்சலுங்க. மரக்கட்டை, மணிமாலை, எண் அட்டை எல்லாம் வந்து திண்ணை ரொம்பிக் கெடக்குது. பையன் தானா அட்டை எடுப்பான், தன் வேகத்துல போவான், வெளையாட்டாவே படிச்சுருவான்னு நீங்க அன்னிக்கு வெளக்குனப்ப, பக்கத்து வீட்டு மேஷ்ட்ரம்மா சிரிச்சாங்களே, உங்களுக்குக் கோவம் வந்துச்சு. ஏன் சிரிச்சாங்கன்னு சொல்றேன் கேளுங்க. 1995ல எச்.டி.கோட்டெ தாலூக்குல சர்க்கார் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க, ஆந்திராவுல இருக்கற ரிஷி வேலிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, யுனிசெஃப் ஒத்தாசையோட ஆரம்பிச்சதுதான் நலி கலி. அட்டை, ஏணி, குழு, அவனவன் வேகம், எல்லாம் அதுல இருக்குது. அந்த வருஷம் எச்.டி.கோட்டெயும் சாமராஜநகரும் ஒரே மைசூர் ஜில்லா. நம்மளைப் பிரிச்சுத் தனி ஜில்லா ஆக்குனது 1997லதான். 2009ல அது கர்நாடகம் முழுக்கச் சின்ன வகுப்புகளுக்கு வந்துருச்சு. அக்கட்டால சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள்ல 2003ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றலுக்கும் வேரு அதே ரிஷி வேலிதான். உங்க பையன் மூணு வருஷம் படிச்சது நலி கலியில. அங்க ஓசியில கெடச்சதை நிறுத்திட்டு, அதையே காசு குடுத்துப் பார்சல்ல வரவெச்சா மேஷ்ட்ரம்மா சிரிக்காம என்ன பண்ணுவாங்க?

நான் ஒண்ணும் பள்ளிக்கூடத்துக்கு வக்கீல் இல்லீங்க. ஒரே மேஷ்ட்ரு ரெண்டு மூணு கிளாஸைக் கூட்டி வெச்சுக்கிட்டு, நடுவுல மீட்டிங்குக்கும் எலெக்சன் வேலைக்கும் ஓடறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். நலி கலின்னு அட்டை இருக்கற எடத்துல எல்லாம் நலி கலி நடக்கறதும் இல்லை. சின்னவருக்குச் சலிப்புத் தட்டுனது நெசந்தான். சலிப்புத் தட்டுன புள்ளையை வீட்டுல வெச்சுப் படிக்க வெக்கறது தப்பு இல்லை. வீட்டுல வெக்கறேன்னு சொல்லிப் பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வர்றீங்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு.

பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம்தான் உங்களுக்கு மாடல்னு சொன்னீங்க. சந்தோசம். பெரிய புள்ளை சட்டாம்பிள்ளையா இருந்து சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறதையும், மண்ணுல வெரலால எழுதறதையும் பாத்துட்டுத்தான் ஆண்ட்ரூ பெல்லுன்னு ஒரு பாதிரியார் மெட்ராசுல அநாதைப் பசங்க பள்ளிக்கூடத்துல நடத்திப் பாத்தாரு. 1797ல சீமையில புஸ்தகமாப் போட்டாரு. மெட்ராஸ் முறைன்னு பேரு வெச்சு இங்கிலாந்துப் புள்ளைங்களே படிச்சாங்க. பெருமைதான். ஆனா அந்தத் திண்ணையில எந்தத் தெருப் புள்ளை உக்காரலாம், எந்தத் தெருப் புள்ளை தூர நின்னு கேக்கறதுக்குக்கூட வழியில்லைங்கறதையும் உங்க பாட்டனாருதான் முடிவு பண்ணுனாரு. சின்னவரு படிச்ச பள்ளிக்கூடத்துல சோலிகர் பழங்குடி வீட்டுப் பையன், டெய்லர் மக, கல்லு குவாரியில வேலை செய்யறவரு புள்ளைங்க எல்லாம் வரிசையா உக்காந்து ஒரே சோத்தைத் தின்னாங்க. நாளைக்கு உங்க திண்ணையில ஆரு வந்து உக்காருவா? உங்க பங்காளி மகன் வருவான். ரெண்டு பேரும் ஒரே குலதெய்வத்தைப் பத்திப் பேசிக்கலாம். இந்த ஒரு பாடத்தைப் பார்சல்ல வரவெக்க முடியாதுங்க. அதனால சாயங்காலம் பள்ளிக்கூடம் உடற நேரத்துக்கு அந்த மைதானத்துல பையனைக் கொண்டுபோய் உடோணும். அதை டைம் டேபிள்ல தடிச்ச எழுத்துல போடுங்க.

சோறுன்னதும் ஞாபகம் வருது. பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாடு போக, 2013ல க்ஷீர பாக்யன்னு ஆரம்பிச்ச பாலு ஒரு டம்ளர். 2024லருந்து வாரம் ஆறு நாளைக்கு முட்டை, வேண்டாங்கறவங்களுக்கு வாழைப்பழம். இதெல்லாம் இனிமே வீட்டுக் கணக்கு. உங்க சம்பளத்துக்கு அது பெரிசில்லை. மூணு வேளையும் அடுப்புக்கு முன்னால நிக்கப் போறது ஆருங்கறதுதான் கேள்வி. டைம் டேபிள்ல பாடத்துக்கு நேரா வாத்தியார் பேரு எழுதற கட்டம் ஒண்ணு இருக்குதே, அதுல மேலருந்து கீழ வரைக்கும் 'அம்மா, அம்மா, அம்மா'ன்னு இருக்குது. கடைசியா ஒரே எடத்துல 'அப்பா'. என்னடான்னு பாத்தா, அது சனிக்கிழமை டாக்குமெண்டரிப் படம் பாக்கற நேரம். எங்க அண்ணன் மக தறியையும் பூத் தோட்டத்தையும் பாத்துக்கிட்டு, கோடிங்கும் கத்துக் குடுக்கோணும். நீங்க மேனேஜர். மாப்ளைக்கு எதுத்துப் பேசக் கூடாது, நான் பேசலை. கட்டத்துல பாதியை அழிச்சு உங்க பேரை எழுதிக் கொண்டாங்க, அப்புறம் மேக்கொண்டு பேசலாம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்க படிச்சவங்க. இருந்தாலும் வழக்கத்துக்குச் சொல்றேன். 2010 ஏப்ரல்லருந்து நடைமுறையில இருக்கற கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயசுலருந்து பதினாலு வரைக்கும் புள்ளைக்குப் படிப்பு உரிமைன்னு சொல்லுது. பத்தாவது பிரிவு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது. சேக்காத பெத்தவங்களுக்குத் தண்டனை இன்னதுன்னு எழுதலை. அந்த இடுக்குலதான் நம்ம நாட்டுல வீட்டுக்கல்வி நின்னுட்டிருக்குது. ஆனா ஒண்ணு. நல்லா வருதேன்னு அக்கம்பக்கத்துப் புள்ளைங்களையும் சேத்தி, வாசல்ல போர்டு மாட்டிப் போடாதீங்க. அங்கீகாரம் இல்லாம பள்ளிக்கூடம் நடத்துனா பதினெட்டாவது பிரிவுப்படி ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், அதுக்கு மேலயும் நடத்துனா நாளொண்ணுக்குப் பத்தாயிரம். இன்னொண்ணு, பேரை வெட்டிட்டு வந்தீங்கன்னா, படிப்பை உட்ட புள்ளைங்களைக் கணக்கெடுக்கறவங்க ஒரு நாள் வீட்டுக்கு வருவாங்க. சின்னவரு அந்த நேரம் பாத்து மஞ்சக் காட்டுல அழுக்கு டவுசரோட நிப்பாரு. நீங்க சர்வதேசப் பாடத்திட்டம்னு வெளக்கி முடிக்கறதுக்குள்ள அவங்க வேற கட்டத்துல டிக் அடிச்சுட்டுப் போயிருவாங்க. என்ன படிச்சான்னு தேதி போட்டு ஒரு நோட்டு எழுதி வெச்சுக்குங்க, அவங்க வந்தா எடுத்துக் காட்டலாம்.

பரீட்சைக்கு வழி இருக்குது. 1989ல ஆரம்பிச்ச தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பதினாலு வயசு ஆயிட்டா பத்தாவதுக்குப் பதிஞ்சுக்கலாம். அஞ்சு பாடம், அதுல மொழி ஒண்ணாச்சும் இருக்கோணும். தமிழும் எடுக்கலாம், கன்னடமும் எடுக்கலாம். ஒரே மூச்சுல எழுதோணும்னு இல்லை, அஞ்சு வருஷத்துக்குள்ள ஒம்பது தடவை உக்காரலாம். சின்னப் புள்ளைங்களுக்கு மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்குச் சமமா மூணு படியும் வெச்சிருக்காங்க. சின்னவருக்குப் பத்தாவதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்குது. நீங்க இப்பவே மாதிரி வினாத்தாள் வாங்கிட்டீங்களாமா?

சரி, பாடத்துக்கு வருவோம். தமிழ் இருக்குது, இங்கிலீசு இருக்குது, சமஸ்கிருதம் இருக்குது, பிரெஞ்சுகூட வாரத்துக்கு ரெண்டு நாள் இருக்குது. கன்னடத்தைக் காணோம். ஏனுங்க, பிரான்சுக்காரன் வந்து வாழைத்தாரு கேப்பானா? நான் பொறந்தப்ப கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லா. நாங்க ஊட்டை உட்டு எங்கயும் நகரலை, 1956ல மாநிலம் நகந்துருச்சு. நேத்துத் தமிழ்ல இருந்த சர்க்கார் காயிதம் இன்னிக்குக் கன்னடத்துல வந்துச்சு. படிக்கத் தெரியாதவங்க, தெரிஞ்சவங்க கையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அதுல நெலம் போனவங்க கதையெல்லாம் உங்க மாமனாரு உசுரோட இருந்தா சொல்லியிருப்பாரு. அதனால உங்க பிரெஞ்சு நேரத்தை எனக்குக் குடுங்க. நான் நம்ம நெலத்துப் பஹணி காயிதத்தை வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்தறேன்.

பஹணின்னா லேசாப் போச்சுங்களா? அதுல சர்வே நம்பர் இருக்குது, பட்டாதாரர் பேரு இருக்குது, பயிரு, தண்ணி வர்ற வழி, கடன், தாவா எல்லாம் இருக்குது. மொழி, சரித்திரம், குடிமையியல் மூணும் ஒரே தாளு. கணக்கு வேணுமா? நம்ம பக்கம் ஏக்கருக்கு நாப்பது குண்டெ. அக்கட்டால தாளவாடியில உங்க பெரியப்பா காடு சென்ட் கணக்கு, ஏக்கருக்கு நூறு. அப்பக் குண்டெக்கு எத்தனை சென்ட்? ரெண்டரை. குண்டெ 1,089 சதுர அடி, சென்ட் 435.6. தமிழ்நாட்டுப் பட்டாவுல ஹெக்டேர்னு போட்டிருப்பான், அது ஏக்கர்ல கிட்டத்தட்ட ரெண்டு புள்ளி நாலு ஏழு. ரெண்டு மாநிலத்துலயும் காடு வெச்சிருக்கற குடும்பத்துப் பையனுக்கு இதைத் தவிர்த்து என்னங்க பின்னம், தசமம்? எங்களுக்கு முந்திரி, மாகாணின்னு கீழ்வாய் இலக்கம் ஒப்பிக்க வெச்சாங்க. முந்திரின்னா முந்நூத்தி இருவதுல ஒரு பங்கு. வாய் நல்லா சொல்லும், எதுக்குன்னு கேட்டாப் பிரம்பு பேசும். சின்னவருக்கு எதுக்குன்னு மொதல்ல தெரியட்டும், கணக்கு அப்புறம் வரட்டும்.

மஞ்சளும் அப்படித்தான். வைகாசி வாக்குல நட்டுத் தை மாசிக்கு வெட்டறோம். பச்சை மஞ்சள் அஞ்சு குவிண்டாலை வேக வெச்சுக் காய வெச்சா ஒரு குவிண்டால் தேறும், முன்னப்பின்ன இருக்கும். மிச்சம் நாலு குவிண்டால் எங்க போச்சு? போன சரக்கு தண்ணி, போன எடம் ஆகாசம். ஆவியாதல்னு நீங்க வீடியோ போட்டுக் காட்டறதை அவன் தராசு வெச்சுப் பாக்கட்டும். அந்த மூட்டை திம்பம் மலையில இருவத்தி ஏழு கொண்டை ஊசி வளைவு எறங்கி ஈரோடு மார்க்கெட்டுக்குப் போவுது. ராத்திரியில சரக்கு லாரியை ஏன் உடறதில்லைன்னு கேக்கச் சொல்லுங்க. 2022ல ஹைகோர்ட் சொன்னதுங்க. ரோட்டுல அடிபட்டுச் செத்த மிருகக் கணக்கும், லாரிக்காரர் வயித்துப்பாடும், மஞ்சள் வெலையும் அந்த ஒரே கேள்விக்குள்ள கெடக்குது. ஒரு வாரம் பேசலாம். உங்க டைம் டேபிள்ல சுற்றுச்சூழலுக்கு நாப்பது நிமிஷம்.

அறிவியல் மனப்பான்மைன்னு ஒரு தலைப்பு போட்டிருக்கறீங்க, ரொம்பப் புடிச்சிருந்துது. அதுக்கு வேற எங்கயும் கெடைக்காத பாடம் நம்ம ஊருலயே இருக்குது. சாமராஜநகருக்கு வந்த முதலமைச்சருக்குப் பதவி போயிரும்னு ஒரு பேச்சு, வருஷக்கணக்கா. அதை நம்பி எத்தனையோ பேரு வராமயே இருந்தாங்க. சின்னவருகிட்ட ஒரு நோட்டைக் குடுத்து ரெண்டு பக்கமா எழுதச் சொல்லுங்க. வந்தவங்கள்ல பதவி போனவங்க ஒரு பக்கம். வராதவங்கள்ல பதவி போனவங்க எதிர்ப்பக்கம். ரெண்டாவது பக்கம் ரொம்பிக்கிட்டே போகும், மாப்ளே. இந்த ஊரு மண்ணையே மிதிக்காத மகராசனெல்லாமும்தான் எறங்கிப் போனாங்க. சித்தராமையா திரும்பத் திரும்ப வந்துட்டுப் போயி, 2013லருந்து 2018 வரைக்கும் அஞ்சு வருஷத்தையும் முழுசா ஓட்டுனாரு. 2023ல மறுபடியும் வந்து உக்காந்துட்டாரு. முன்னால நடந்ததெல்லாம் பின்னால நடந்ததுக்குக் காரணம் ஆயிராதுன்னு இதை வெச்சுச் சொன்னா புள்ளைக்குச் சாகற வரைக்கும் மறக்காது. அப்படியே உங்க ஜாதகக் கட்டத்தையும் ஒரு நாள் பாடத்துல சேத்துக்கலாம். அது உங்க இஷ்டம், நான் கட்டாயப்படுத்தலை.

மாசத்துக்கு ஒருக்காப் பிளிகிரி ரங்கன் பெட்டாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. வேன் புடிச்சுப் போயி வேடிக்கை பாத்துட்டு வர்றதைச் சொல்லலீங்க. 1981ல டாக்டர் சுதர்சன் ஆரம்பிச்ச விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் அங்க இருக்குது, சோலிகர் புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தறாங்க. 2011ல அந்த மலைச் சோலிகருக்கு, புலிகள் காப்பகத்துக்குள்ளயே காட்டு உரிமைப் பட்டா வந்துச்சு. காட்டைத் தெரிஞ்சவங்க ஆருன்னு சின்னவரு நேர்ல பாக்கட்டும். போகையில நீங்க பாடம் நடத்தாம இருந்தாப் போதும்.

பள்ளிக்கூடம் போகாமயே பெரியாளானவங்கன்னு நீங்க உதாரண புருசங்களை அடுக்குனதும் கேட்டேன். கன்னட நடிகர் காஜனூர் ராஜ்குமார் பேரை மொதல்ல சொன்னீங்க. நம்ம தாளவாடி காஜனூருங்க. பொடியனா இருக்கையிலயே பள்ளிக்கூடத்தை உட்டுட்டு குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில சேந்தாரு, 1954ல பேடர கண்ணப்பா படம், 1976ல மைசூர் யுனிவர்சிட்டியே டாக்டர் பட்டம் குடுத்துச்சு. எல்லாம் வாஸ்தவம். ஆனா அவரு சும்மா உக்காரலை. அவங்கப்பாரு நடிச்ச அதே கம்பெனியில பாட்டு, வசனம், ஒத்திகைன்னு ராப்பகலா வேலை வாங்குனாங்க. அவரு கூடவே அந்த வருஷம் பள்ளிக்கூடத்தை உட்ட மத்தப் பசங்க எத்தனை பேரு ஆடு மேய்க்கப் போனாங்கன்னு ஆரும் எழுதி வெக்கலை. எழுதி வெச்சதை மட்டும் படிச்சா இப்படித்தான் தைரியம் வரும்.

கன்னடக் கவிஞர் குவெம்பு பேரையும் இழுத்தீங்க. குப்பளியில வீட்டுலயே, தென்கன்னடத்துலருந்து வந்த வாத்தியாரை வெச்சுத்தான் படிச்சாரு. மைசூர் யுனிவர்சிட்டிக்கே துணைவேந்தர் ஆனாரு, கன்னடத்துக்கு மொத ஞானபீடமும் அவருதான் வாங்குனாரு. ஆனா வீட்டுல படிச்சது சின்ன வயசுலதான். பொறகு தீர்த்தஹள்ளிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாரு, அப்புறம் மைசூருக்கு. நீங்க கதையிலருந்து தீர்த்தஹள்ளிக்கு முந்தின ஸ்டாப்புலயே எறங்கிக்கறீங்க. மூணாவதா சொன்னீங்களே, மும்பைப் பொண்ணு, அதுதான் உங்க கேசுக்குக் கிட்ட வருது. ஏழாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்தி அம்மாவே வீட்டுல படிக்க வெச்சு, 2016ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில எடம் கெடச்சுது. கம்ப்யூட்டர் ஒலிம்பியாட்ல மூணு பதக்கம் வாங்குன பொண்ணு. அதுக்கு இங்க ஐ.ஐ.டி. கதவு தொறக்கலை, பன்னெண்டாவது சர்ட்டிபிகேட் இல்லைன்னுட்டாங்க. சென்னைக் கணிதக் கழகம் கூப்புட்டு உக்கார வெச்சு மேல்படிப்புப் பாடமே சொல்லிக் குடுத்துது. அந்த அம்மா செஞ்ச வேலை என்னன்னு பாருங்க. வேலையை உட்டுட்டு, மகளுக்கு எது புடிக்குதுன்னு கண்டுபுடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. பொண்ணுக்குப் புடிச்சது புரோகிராம். சின்னவருக்கு என்ன புடிக்கும்னு உங்களுக்குத் தெரியுங்களா? எனக்குத் தெரியும். எங்கிட்டச் சொன்னான், உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டான்.

கடைசியா ஒருத்தரு. காந்தி. அவரும் தம் புள்ளைங்களை வழக்கமான பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன்னு நின்னவருதான். 1910ல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல டால்ஸ்டாய் பண்ணையில அவரே வாத்தியார். தமிழ்ப் புள்ளைங்களுக்குத் தமிழ் பாடம் எடுத்தாரு. அவருக்குத் தெரிஞ்ச தமிழ் கப்பல்லயும் ஜெயில்லயும் கத்துக்கிட்டது, போப்பு போட்ட கையேட்டுக்கு மேல தாண்டலைன்னு அவரே எழுதறாரு. அங்க பொறந்த தமிழ்ப் புள்ளைங்களுக்கு எழுத்தே தெரியாது, அதனால அவரு வண்டி ஓடிருச்சு. ஆனா மூத்த மகன் ஹரிலாலுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லாமப் போனது ஆறலை. எனக்கு ஒழுங்கான படிப்புக் குடுக்கலைன்னு 1911ல அப்பாவை உட்டுட்டு இந்தியாவுக்கு வந்து, மெட்ரிக் படிக்கப் பள்ளிக்கூடத்துல சேந்தாரு. அந்த மனத்தாங்கல் கடைசி வரைக்கும் தீரலை. அவ்வளவு பெரிய மனுசன் வீட்டுலயே, அப்பனோட கொள்கைக்கு மகன் பரீட்சை எழுத வேண்டி வந்துச்சு. உங்க கொள்கைக்குச் சின்னவரு எழுதப் போறாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பள்ளிக்கூடம் புடிக்கலையான்னு கேட்டிருப்பீங்க. வீடு புடிக்குமான்னு கேட்டீங்களா?

கேட்டுட்டு, ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க. வெள்ளாமைக்கே ஒரு போகம் பாத்துட்டுத்தானே அடுத்ததுக்கு வெதை மாத்தறோம். சரி வரலைன்னாத் திரும்பிப் போக வழி இருக்குது. அதே சட்டத்துல நாலாவது பிரிவு, வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்துக்கோணும், உட்டுப் போன பாடத்துக்குத் தனியாப் பயிற்சியும் குடுக்கோணும்னு சொல்லுது. தன்மானம் பாக்காம அந்தக் கதவைத் தட்டறதுக்கு ஆளு நீங்களா நானான்னு மட்டும் இப்பவே பேசிக்கலாம். நான் போறதுன்னா எனக்கு பஸ் சார்ஜும் ஒரு காப்பியும் குடுத்துருங்க.

ஆக, டைம் டேபிள்ல காலையில ரெண்டு மணி நேரம் படிப்பு போதும். மத்தது காடு, கடை, மைதானம், அப்பச்சி திண்ணை. ஞாயித்துக்கிழமையை வெறுமனே உடுங்க. அடுத்த வாரம் டி.சி. வாங்கப் போகையில ஹெட்மேஷ்ட்ருகிட்ட மொறைச்சுக்காதீங்க. நாளைக்கு அவரு வாசலுக்கே வர வேண்டி இருந்தாலும் இருக்கும். பொறந்த தேதியும் பேரு எழுத்தும் ஆதார்ல இருக்கற மாதிரியே டி.சி.யிலயும் இருக்குதான்னு அங்கயே நின்னு பாருங்க, வீட்டுக்கு வந்து பாக்காதீங்க. பள்ளிக்கூடக் கணக்குல பையனுக்கு இருக்கற சாட்ஸ் நம்பரையும் தனியா ஒரு தாள்ல எழுதி வாங்கிக்குங்க. லேமினேஷன் பண்ணோணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா, அந்தத் தாளைப் பண்ணி வெச்சுக்குங்க.